பேரிங் போகவில்லை, ஒயர்தான் ஒட்டியிருந்தது

பழைய டிரெட்மில்லில் இருந்து கழற்றிய காந்த மோட்டார் ஒன்றை ஜெனரேட்டராக்கி 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றலாம் என்று இறங்கினேன். ஷாஃப்டைக் கையால் சுற்றினால் தேனுக்குள் கரண்டி விட்டது மாதிரி இழுத்தது. பேரிங் போச்சு என்று முடிவு கட்டி, ஸ்பேனரைக் கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், வெளியே வந்த இரண்டு ஒயர்களின் நுனியும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பிரித்தேன், ஷாஃப்ட் லேசாகச் சுழன்றது. நிலைக்காந்தம் உள்ளே இருப்பதால் சுற்றினாலே மின்சாரம் பிறக்கும், ஒயர் ஷார்ட்டாக இருந்தால் அந்தக் கரண்டே சுழற்சியை எதிர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் கை மோட்டாரைச் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

லேபிளில் 180 வோல்ட், 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4000 சுற்று). அதாவது ஆயிரம் சுற்றுக்கு சுமாராக 45 வோல்ட், எனவே பேட்டரிக்குத் தேவையான 14, 15 வோல்ட்டுக்கு 330 சுற்றுக்கு மேல் போனால் போதும். சரி, பேட்டரியை மாட்டிச் சுற்றினேன், சார்ஜ் ஏறியது. கையை எடுத்தேன், மோட்டார் நிற்கவே இல்லை! பேட்டரியே அதை அதே திசையில் ஓட்டிக்கொண்டிருந்தது. பாசிட்டிவ் ஒயரில், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பெரிய டையோடு ஒன்றைப் போட்டதும் அடங்கியது, அதில் 0.7 வோல்ட் போகிறது, போகட்டும்.