வெளிநாட்டுக்கு எக்ஸ்பிரஸ் பார்சல்: சுங்கத்தில் சிக்காமல் அனுப்பும் முறை

முதன்முறையாக வெளிநாட்டுக்கு எக்ஸ்பிரஸ் கூரியரில் பார்சல் அனுப்புகிறவர்கள் பெட்டி கட்ட ஒரு மணி நேரம் செலவிடுவார்கள். இன்வாய்ஸ் எழுத இரண்டே நிமிடம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தையல் இயந்திரத்துக்கான சிறிய பல்சக்கரம் ஒன்றை அனுப்பினேன். சரக்கு விவரம் என்ற இடத்தில் 'உதிரிபாகம்' என்று ஒற்றைச் சொல்லை எழுதி, மதிப்பு என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். விமானம் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டது. பார்சல் மட்டும் ஆறு நாள் சுங்கத்தில் கிடந்தது. அதற்காகக் காத்திருந்தவரின் இயந்திரமும் அந்த ஆறு நாளும் ஓடவில்லை. அவருடைய பிழைப்பே அந்த இயந்திரத்தில்தான். அன்றிலிருந்து காகிதத்தை முடித்துவிட்டுத்தான் பெட்டியைத் தொடுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

பார்சலை வாங்கியதும் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அதன் விவரங்களைக் கணினியில் ஏற்றிவிடும். விமானம் தரையிறங்கும் முன்பே, சில நாடுகளுக்கு விமானத்தில் சரக்கு ஏறும் முன்பே, அந்த விவரங்கள் அந்த நாட்டுச் சுங்கத்துறைக்குப் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் ஐ.சி.எஸ்.2 என்ற ஏற்பாட்டின் கீழ் 2021 மார்ச் முதல் கூரியர், அஞ்சல் பார்சல்களுக்கு இப்படி முன்கூட்டியே தரவு கேட்கிறது. 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தத்தில், விமானத்தில் வரும் விரைவுச் சரக்குகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தகவல் முன்பே வந்துவிட்டால், பார்சல் வந்திறங்கியதும் கூடுமானவரை விரைவாக விடுவிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆகவே அதிகாரி உங்கள் பெட்டியைப் பார்ப்பதற்கு வெகு முன்பே உங்கள் சொற்களைப் பார்த்துவிடுகிறார். சொற்கள் தெளிவாக இருந்து, கணினி அதில் ஐயப்பட எதுவும் இல்லாவிட்டால், பெரும்பாலும் பெட்டியைத் திறக்காமலே விட்டுவிடுவார்கள்.

உலகச் சுங்க அமைப்பின் வழிகாட்டுதல் பார்சல்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: கடிதங்களும் ஆவணங்களும், வரி வசூலிக்கத் தேவையில்லாத குறைந்த மதிப்புப் பொருட்கள், வரி உண்டு, ஆனால் எளிய படிவம் போதும் என்கிற குறைந்த மதிப்புப் பொருட்கள், முழு அறிவிப்புப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டிய அதிக மதிப்புப் பொருட்கள். எந்தத் தொகைவரை குறைந்த மதிப்பு என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது. உங்கள் பார்சல் எந்த வகையில் விழும் என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு காகிதம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

படி 1: அனுப்பக்கூடிய பொருள்தானா?

இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். ஒன்று, போய்ச் சேரும் நாட்டின் சுங்கத்துறை இணையதளம். மற்றொன்று, கூரியர் நிறுவனத்தின் தடைப் பட்டியல். நாடு அனுமதிக்கும் பொருளைக்கூடச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை.

மருந்து, விதை, உணவு, விலங்குகளிலிருந்து கிடைக்கும் பொருட்கள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனி அனுமதி வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1975 முதல் நடப்பில் இருக்கிறது. சில வகைத் தோல், சில வகை மரம்கூட அதற்குள் வரும். பெர்ஃபியூம், நெயில் பாலிஷ் போன்றவை தீப்பற்றும் திரவங்கள் என்பதால் விமானத்தில் அபாயகரப் பொருட்களாகக் கருதப்படும்.

லித்தியம் பேட்டரியில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கருவிக்குள் பொருத்தப்பட்ட பேட்டரிக்கு ஒரு விதி, தனியாகப் போகும் பேட்டரிக்கு வேறு விதி. தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது பொது விதி. 'பழைய லேப்டாப்தானே' என்று சொல்லாமல் அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பெட்டியோடு மனிதர்களும் பறக்கிறார்கள்.

மரப்பெட்டியில் கட்டுவதாக இருந்தால், மரத்தில் பூச்சி பரவாமல் பதப்படுத்தியதற்கான ஐ.எஸ்.பி.எம்.15 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்குவது அந்த முத்திரை பெறும் வழிகளில் ஒன்று. பிளைவுட்டுக்கு இது தேவையில்லை.

படி 2: பொருளுக்குச் சரியான பெயர் எழுதுங்கள்

மற்றப் படிகளைவிட இதில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். பொருளை ஒருபோதும் பார்த்திராத ஒருவர், உங்கள் வரியை மட்டும் படித்து, அதைக் கண்முன் கொண்டுவர முடிய வேண்டும்.

'துணி', 'மாதிரி', 'பரிசு', 'சொந்தப் பொருட்கள்', 'இயந்திர பாகம்' ஆகிய சொற்கள் எதையும் சொல்வதில்லை. எந்தச் சொற்களை ஏற்கலாம், எவற்றை ஏற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலே வெளியிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட சொல் வந்தால் பார்சல் கிளம்பும் முன்பே கேள்வி வரும்.

நான் எழுதும்போது என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை: இது என்ன? எதனால் ஆனது? எதற்குப் பயன்படுகிறது? எத்தனை? புதியதா, பயன்படுத்தியதா? எந்த நாட்டில் தயாரானது? இவற்றுக்கு விடை எழுதினால் வரி தானாக அமைந்துவிடும்:

'ஆண்களுக்கான சட்டை, நெய்த துணி, 100 சதவீதம் பருத்தி, புதியது, 3 எண்ணம்.'

என் பல்சக்கரத்தை இன்று அனுப்பினால் இப்படி எழுதுவேன்: 'வீட்டுத் தையல் இயந்திரத்துக்கான எஃகுப் பல்சக்கரம், புதியது, 1 எண்ணம்.' கூடவே மாடல் எண்ணும் இருக்கும். இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். இன்வாய்ஸ் ஆங்கிலத்திலோ, போய்ச் சேரும் நாடு கேட்கும் மொழியிலோ இருக்க வேண்டும்.

ஒரே பெட்டியில் ஐந்து வகைப் பொருள் இருந்தால் ஐந்து வரி எழுதுங்கள். 'பலவகைப் பொருட்கள்' என்று ஒரே வரியில் முடித்தால், அந்த ஐந்தையும் தெரிந்துகொள்ளப் பெட்டியைத் திறப்பதைத் தவிர அதிகாரிக்கு வேறு வழியில்லை.

படி 3: எச்.எஸ். எண்

உலகத்தில் விற்கப்படும் எல்லாப் பொருட்களுக்கும் பொதுவான எண் வரிசை இது. 1988இல் நடைமுறைக்கு வந்தது. முதல் 6 இலக்கங்கள் இதைப் பின்பற்றும் நாடுகள் எல்லாவற்றிலும் ஒன்றே. அதற்குப் பின் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப 8 அல்லது 10 இலக்கம்வரை நீட்டிக்கொள்ளும். வரி விகிதம் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது.

எண்ணைத் தேடும்போது பொருளின் பெயரைவிட அது எதனால், எப்படி ஆனது என்பது முக்கியம். பின்னல் துணியில் செய்த பருத்தி டி-ஷர்ட் 6109.10. நெய்த துணியில் தைத்த ஆண்களுக்கான பருத்திச் சட்டை 6205.20. முதல் இரண்டு இலக்கம் குறிக்கும் அத்தியாயமே மாறிவிடுகிறது. கைப்பையின் வெளிப்பக்கம் தோலாக இருந்தால் 4202.21, அதுவே பிளாஸ்டிக் தாளாகவோ துணியாகவோ இருந்தால் 4202.22. படி 2இல் ஏன் அவ்வளவு வலியுறுத்தினேன் என்பது இப்போது விளங்கும்: நீங்கள் எழுதிய விவரமும் இந்த எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

போய்ச் சேரும் நாட்டின் சுங்க இணையதளத்திலேயே தேடும் வசதி இருக்கும். ஒரே பொருளைத் தொடர்ந்து அனுப்பப் போகிறீர்கள், எண்ணிலும் ஐயம் என்றால், அந்தச் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே எழுத்து மூலமாகத் தீர்ப்புக் கேட்கலாம். இந்த எண்கள் அவ்வப்போது திருத்தப்படும். 2022 பதிப்பு இப்போது நடப்பில் உள்ளது. அடுத்தது 2028 ஜனவரி 1 அன்று வருகிறது. மூன்று வருடத்துக்கு முன் எழுதி வைத்த எண்ணை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

படி 4: உண்மையான மதிப்பு

விற்ற பொருள் என்றால் வாங்கியவர் கொடுத்த விலைதான் மதிப்பு. இலவச மாதிரி, பரிசு, மாற்றிக் கொடுத்த பொருள் என்றாலும் மதிப்பு பூஜ்யம் ஆகாது. விற்றிருந்தால் என்ன விலைக்குப் போயிருக்குமோ அதை எழுதி, விற்பனைக்கு அல்ல என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும்.

வாடிக்கையாளரே 'மதிப்பைக் குறைத்துப் போடுங்கள்' என்று கேட்பதுண்டு. முடியாது என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். அதே பொருள் இணையத்தில் என்ன விலை என்று அதிகாரி உடனே பார்க்கலாம். பிடிபட்டால் அபராதம், பறிமுதல்வரை போகும். பார்சல் தொலைந்தால் இழப்பீடும் நீங்கள் எழுதிக் கொடுத்த தொகையைத் தாண்டாது. இதெல்லாம் இல்லாவிட்டாலும், பொய்க் கணக்கில் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறதே, அதற்காகவே வேண்டாம்.

'பரிசு' என்று எழுதினால் வரி இல்லை என்று நம்புகிறவர்கள் பலர். தனி மனிதர் தனி மனிதருக்கு அனுப்பும் பரிசுக்குத்தான் அந்தச் சலுகை, அதுவும் ஒரு வரம்புவரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வரம்பு 45 யூரோ, பிரிட்டனில் 39 பவுண்டு. கடை அனுப்பும் பொருள் பரிசாகாது.

படி 5: வரி எவ்வளவு, கட்டுவது யார்?

குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே வரி கிடையாது என்ற ஏற்பாடு வேகமாகச் சுருங்கி வருகிறது. 22 யூரோவரை இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 அன்று எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர்வரை தந்துவந்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தி வைத்தது. பழைய பதிவுகளில் படித்த வரம்புகளை நம்பாமல், அனுப்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

கணக்கு எளிது. பொருள் 200, கூரியர் கட்டணம் 40 என்று வையுங்கள். பல நாடுகள் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு வரி போடும், இதை சி.ஐ.எஃப். முறை என்பார்கள். அப்போது அடிப்படை 240. சுங்க வரி 10 சதவீதம் என்றால் 24. அடுத்து மதிப்புக்கூட்டு வரி: 240உம் 24உம் சேர்ந்த 264க்கு 20 சதவீதம், அதாவது 52.80. மொத்தம் 76.80. வரிக்கும் வரி உண்டு என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்றவை சர்வதேசக் கட்டணத்தைச் சேர்க்காமல் பொருளின் மதிப்புக்கு மட்டும் சுங்க வரி கணக்கிடும்.

இன்வாய்ஸில் டி.ஏ.பி. என்று போட்டால் வரியைக் கட்டுவது பார்சலைப் பெறுகிறவர்; டி.டி.பி. என்றால் அனுப்புகிறவர். டி.ஏ.பி. என்றால் கூரியர் நிறுவனம் வழக்கமாகத் தானே சுங்கத்தில் வரி கட்டி, பெறுகிறவரிடம் வசூலிக்கும். அதற்கெனச் சேவைக் கட்டணமும் கேட்கும். இதைப் பெறுகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் எதிர்பாராமல் கேட்கப்படும் தொகைதான் பார்சல் திரும்பி வரப் பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

படி 6: காகிதங்களை அடுக்குங்கள்

இன்வாய்ஸில் அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரின் முழு முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், படி 2 முதல் 5 வரை சேர்த்த விவரங்கள், நாணயம், எடை, அனுப்பும் காரணம், கையெழுத்து, தேதி ஆகியவை இருக்க வேண்டும். பெறுவது வணிக நிறுவனம் என்றால் அதன் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது இ.ஓ.ஆர்.ஐ. எண். இன்வாய்ஸும், பார்சலோடு போகும் கூரியர் சீட்டான ஏர்வே பில்லும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும். ஒரு நகல் பெட்டிக்கு வெளியே பையில், ஒன்று பெட்டிக்குள், ஒன்று உங்களிடம். மின்னணு முறையில் இன்வாய்ஸ் பதிவேற்றும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள்.

படி 7: பார்சல் நின்றுவிட்டால்

டிராக்கிங்கில் 'கிளியரன்ஸ் ஈவென்ட்' என்று வந்தாலே பதற வேண்டாம். சுங்க நடைமுறை நடக்கிறது என்பதுதான் அதன் பொருள். 'கூடுதல் தகவல் தேவை' என்று வந்தால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள். பொருளின் படம், பணம் செலுத்திய ரசீது, தயாரிப்பாளரின் விவரத்தாள் ஆகிய மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால் பெரும்பாலான கேள்விகள் தீர்ந்துவிடும். பதில் இல்லாமல் நாள் கடந்தால் கிடங்கு வாடகை ஏறும், பிறகு திருப்பி அனுப்பவோ அழிக்கவோ செய்வார்கள்.

சுங்க வரி கட்டச் சொல்லி வரும் குறுஞ்செய்திகளில் மோசடி நிறைய. அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல், கூரியர் நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய் டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பழுது பார்க்க அனுப்பித் திரும்பப் பெறும் பொருளுக்கு ஒரு வேலை கூடுதல். அனுப்பும்போதே சீரியல் எண்ணை இன்வாய்ஸில் எழுதி, 'பழுது பார்த்துத் திரும்பி வரும்' என்று குறித்து, ஏற்றுமதி ஆன சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இது உங்கள் பொருள்தான் என்று காட்ட அந்தச் சான்று இல்லாவிட்டால், புதிதாக இறக்குமதி செய்ததுபோல முழு மதிப்புக்கும் வரி கேட்பார்கள்.