'சந்தேகம்' என்று வந்தால் எல்லா இடத்திலும் 'டவுட்' போடாதீர்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வெளிநாட்டில் இருந்த வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய வரைபடத்தில் ஓர் அளவு எனக்குப் புரியவில்லை. 'ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிராயிங்' என்று மெயில் போட்டேன். என்ன தப்பு கண்டுபிடித்தீர்கள், எந்தப் பக்கத்தில் என்று கொஞ்சம் கோபமாகவே பதில் வந்தது. நான் கேட்க நினைத்தது ஒரு சாதாரணக் கேள்வி, அவருக்குப் போய்ச் சேர்ந்தது 'உங்கள் வரைபடத்தை நான் நம்பவில்லை' என்பது. 'குட் யூ கிளாரிஃபை திஸ் டைமென்ஷன்?' என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. டீச்சரிடம் சந்தேகம் கேட்கிறோம். 'அவர் இன்று வருவது சந்தேகம்தான்' என்கிறோம். பணம் காணாமல் போனால் 'அவன் மேல்தான் எனக்குச் சந்தேகம்' என்கிறோம். ஆங்கிலத்தில் இந்த மூன்றும் மூன்று தனித்தனிச் சொற்கள். அதனால் ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழ் வாக்கியத்தை ஒருமுறை மனதுக்குள் சொல்லி, சந்தேகத்தை எடுத்துவிட்டு வேறு சொல் வைத்துப் பாருங்கள். 'கேள்வி' பொருந்தினால் கொஸ்டின் அல்லது குவெரி. 'நம்பிக்கை இல்லை' பொருந்தினால் டவுட். 'அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது' பொருந்தினால் சஸ்பெக்ட்.

கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும், இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 'ஐ சஸ்பெக்ட் ஹி டுக் த மனி' என்றால் அவன்தான் எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன் என்று பொருள். 'ஐ டவுட் ஹி டுக் த மனி' என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். நம் ஆட்கள் பலர் முதல் அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவது வாக்கியத்தை எழுதிவிடுகிறார்கள். அலுவலகத்தில் ஒரு புகார்க் கடிதத்தில் இப்படி எழுதினால், யார் மேல் புகார் சொல்ல வந்தீர்களோ அவருக்கே சாதகமாகப் பேசியது போல் ஆகிவிடும்.

டவுட் என்ற சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டால் மறக்காது. லத்தீனில் 'துபிதாரே' என்ற வினைச்சொல், 'இரண்டு' என்ற பொருள் தரும் சொல்லோடு உறவுடையது. ஜெர்மன் மொழியிலும் சந்தேகத்துக்கான 'ட்ஸ்வைஃபெல்' என்ற சொல்லுக்குள் 'இரண்டு' இருக்கிறது. நாமும் 'ரெண்டு மனசா இருக்கு' என்றுதானே சொல்கிறோம்! அந்த ரெண்டு மனசுதான் டவுட். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்தபோது நடுவில் 'பி' எழுத்து கிடையாது, பிறகு படித்தவர்கள் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காக அதைச் சொருகினார்கள். எழுத்தில் ஏறியதே தவிர உச்சரிப்பில் ஏறவே இல்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான்.

அப்புறம், கேள்வி என்ற பொருளில் டவுட் போடுவதே தப்பா? தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இந்திய ஆங்கிலத்தில் அது நன்றாக வேரூன்றிவிட்டது, 'டவுட் கிளியரிங்' வகுப்பு என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். ஸ்பானிஷ்காரர்களும் கேள்வி கேட்கும்போது 'எனக்கு ஒரு துடா', அதாவது ஒரு சந்தேகம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் இந்திய வழக்கு தெரியாத ஒருவருக்கு எழுதும்போது கொஸ்டினுக்கு மாறிவிடுங்கள்.

'நோ டவுட்' என்பதைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். சொல்லைப் பார்த்தால் அடித்துச் சொல்வது போல இருக்கும். ஆனால் 'யூ ஆர் நோ டவுட் டயர்ட்' என்றால் களைப்பாகத்தான் இருப்பீர்கள் என்ற ஊகம் மட்டுமே. உறுதியாகச் சொல்ல 'வித்அவுட் டவுட்' அல்லது 'அன்டவுட்டட்லி' போடுங்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'ஐ டவுட் இட்ல் ரெயின்' என்று வந்தால் மழை வரும் போலிருக்கிறது என்று பொருள், அதாவது நாம் மேலே பார்த்ததற்கு நேர் எதிர். அந்த ஊர்க் கதைகள் படிக்கும்போது இது உதவும், நீங்கள் எழுத வேண்டாம்.

நீதிமன்றச் செய்திகளில் வரும் 'பெனிஃபிட் ஆஃப் த டவுட்' நம் பத்திரிகைகளில் சந்தேகத்தின் பலன் என்று வருகிறது. இங்கே டவுட்டை மாற்றவே கூடாது, அது உறைந்துபோன தொடர்.

மற்ற நெருங்கிய சொற்களில் இரண்டை மட்டும் பழகிக்கொள்ளுங்கள், மீதி தானாக வரும். ஒரு காரியத்தில் இறங்கும் முன் மனதில் ஏதோ உறுத்துகிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை என்றால் அது 'மிஸ்கிவிங்', பெரும்பாலும் பன்மையில் 'மிஸ்கிவிங்ஸ்' என்று வரும். இன்னொன்று 'டூபியஸ்'. 'டவுட்ஃபுல்' என்றால் நடக்குமா நடக்காதா தெரியாது என்பதோடு நின்றுவிடும். 'டூபியஸ்' என்றால் அதில் ஏதோ கோல்மால் இருக்கிறது என்ற வாடையும் சேர்ந்து வரும். ஒரு நிறுவனத்தின் கணக்கை 'டூபியஸ்' என்று எழுதும் முன், அந்தக் குற்றச்சாட்டை நீங்கள் உண்மையிலேயே வைக்கிறீர்களா என்று ஒரு தடவை யோசியுங்கள்.