கம்பத்துச் சட்டமன்ற உறுப்பினரின் பணி வரலாற்றை எழுதுவது எப்படி

சிங்கப்பூரில் கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகள் இருந்த காலத்துச் சட்டமன்ற உறுப்பினர்களில் பலர் இன்று சாலைப் பெயராகவோ பள்ளிப் பெயராகவோ மட்டுமே நினைவில் இருக்கிறார்கள். ஜாலான் அகமது இப்ராஹிம் வழியாக நாள்தோறும் ஜூரோங்கிற்கு வேலைக்குப் போகிறவர்களில் மிகச் சிலருக்கே அந்தப் பெயருக்கு உரியவரைத் தெரியும். அவர் செம்பவாங்கிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். 1955இல் செம்பவாங் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றவர். 1959இல் சுகாதார அமைச்சராகவும் பின்னர்த் தொழிலாளர் அமைச்சராகவும் இருந்து, 1962 ஆகஸ்ட் மாதம் 35 வயதில் காலமானவர். எங்கள் குடும்பம் அந்தத் தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பம் என்பதால், அக்காலத்தைப் பற்றி எழுதத் தொடங்கிச் சில ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன். செம்பவாங்கை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், பொங்கோல், சுவா சூ காங், தென் தீவுகள் என எந்தக் கிராமத் தொகுதிக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

முதலில் காலத்தையும் தொகுதி எல்லையையும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். 1948இல் நடந்த முதல் தேர்தலில் சட்டமன்றத்திற்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த இடங்கள் ஆறு. அவற்றில் கிராமப்புறக் கிழக்கு, கிராமப்புற மேற்கு என இரண்டே இடங்கள் நகருக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கிடைத்தன. 1951இல் அந்த எண்ணிக்கை ஒன்பதானது. அவ்வாண்டு சிலேத்தார் தொகுதியில் வென்ற விலாசினி மேனனைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதினால் நன்றாயிருக்கும் என்பது என் நெடுநாள் விருப்பம். 1955இல் 25 தொகுதிகளும் 1959இல் 51 தொகுதிகளும் ஏற்பட்டன. ஆகவே 1955ஆம் ஆண்டுச் செம்பவாங்கும் 1959ஆம் ஆண்டுச் செம்பவாங்கும் ஒன்றல்ல. நீ சூன் தனித் தொகுதியாகிவிட்டது. பழைய வரைபடம் ஒன்றை அச்சிட்டு, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு நிறமாக எல்லையை வரைந்து வைத்துக்கொண்டால், எந்தக் கம்பம் எந்த ஆண்டில் யாருடைய பொறுப்பில் இருந்தது என்று பின்னால் தடுமாற வேண்டியதில்லை.

பெயரிலும் கவனம் தேவை. அகமது இப்ராஹிம் அமைச்சராக இருந்த அதே காலத்தில், அதே பெயரோடு வேறொருவர் அரசாங்கத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்து, சுதந்திரத்துக்குப் பின் தலைமைச் சட்ட அதிகாரியும் (அட்டர்னி ஜெனரல்) ஆனார். நாளிதழில் “அகமது இப்ராஹிம்” என்று கண்டவுடன் குறித்துக்கொண்டால், ஒருவருடைய சட்டக் கருத்தை மற்றவருடைய தொகுதிப் பேச்சாக எழுதிவிட நேரும். பதவிப் பெயரையும் சேர்த்துப் படித்த பிறகே குறிப்பெடுங்கள்.

அடுத்தது மன்ற நடவடிக்கைக் குறிப்புகள். 1955 முதலான சட்டமன்ற உரைகளை நாடாளுமன்ற இணையத்தளத்தில் எவரும் படிக்கலாம். உறுப்பினரின் பெயரைத் தேடி, நீண்ட உரைகளை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, கேள்வி நேரத்திலிருந்து தொடங்குவதே என் பழக்கம். இன்ன சாலைக்கு விளக்கு எப்போது வரும், இன்ன கம்பத்துக்குப் பொதுக்குழாய் எப்போது போடப்படும் என்று உறுப்பினர் கேட்பதும் அமைச்சர் இரண்டே வரியில் விடை சொல்வதுமான பகுதிகளில்தான் தொகுதி வேலை அப்படியே பதிவாகியிருக்கும். ஆங்கிலத்தில் அல்லாமல் மலாயிலோ மாண்டரினிலோ தமிழிலோ பேசியிருந்தால், பெயருக்குப் பக்கத்தில் மொழி குறிக்கப்பட்டிருக்கும். அப்போது நீங்கள் படிப்பது மொழிபெயர்ப்பு என்பதை மறவாதீர்கள், அதை அவருடைய சொற்களாக மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். அவர் அமைச்சரான பின் தொகுதிக் கேள்விகள் குறைந்திருக்கலாம். அதைக் கொண்டு தொகுதியை மறந்தார் என்று முடிவுகட்டுவது தவறு. கேள்வி கேட்கும் இடத்திலிருந்தவர் விடை சொல்லும் இடத்துக்குப் போய்விட்டார்.

நாளிதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் பார்க்கலாம். தளத்தில் கிடைக்காதவற்றை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் நுண்படச் சுருளில் தேடலாம். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நமக்கு இன்றியமையாதது. அக்காலத் தமிழ் அச்சில் ‘லை’, ‘றா’, ‘னா’ போன்றவை பழைய வடிவில் இருக்கும். மலாய், சீனப் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் நாளுக்கு ஒரு விதமாக எழுதப்பட்டிருக்கும். எனவே தேடல் கட்டத்தை மட்டும் நம்பாமல், வெள்ளம், தீ, தேர்தல், பள்ளித் திறப்பு ஆகிய நாள்களைக் கணக்கிட்டு, அவற்றை ஒட்டிய வாரத்தின் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நல்லது.

இனி, என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்ட வழியைச் சொல்கிறேன். உறுப்பினரின் வாழ்க்கை முழுவதையும் ஒரே மூச்சில் எழுத முயலாமல், ஒரே ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பொதுக்குழாய் போதும். அதை யார் கேட்டார்கள், யாரிடம் சொன்னார்கள், உறுப்பினர் எங்கே எடுத்துச் சென்றார், எந்த அலுவலகம் செய்தது, எத்தனை மாதம் ஆனது, முதல் நாள் அங்கே யார் தண்ணீர் பிடித்தார்கள் என்று தொடக்கம் முதல் முடிவு வரை தொடருங்கள். இதற்கு அக்கால நிர்வாகம் தெரிந்திருக்க வேண்டும். 1959 வரை நகருக்கு வெளியே சாலையும் வடிகாலும் கிராமப்புற வாரியத்தின் வேலை. தண்ணீரும் மின்சாரமும் நகர மன்றத்தின் துறைகளிலிருந்து வந்தன. அதன் பிறகு இரண்டு அமைப்புகளும் அரசாங்கத்துக்குள் சேர்ந்துவிட்டன. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் (வீவக) மக்கள் கழகமும், 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகமும் தோன்றின. குழாய் போடப்பட்ட ஆண்டு தெரிந்தால் எந்த அலுவலகத்தின் கோப்பைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். கென்னிங் ரைசிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்கும்போது அந்தத் தெளிவு பல நாள்களை மிச்சப்படுத்தும்.

ஆனால் அந்த ஆண்டைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாமல் நான் திணறியபோது, அதைச் சொன்னவர் ஈசூன் வீவக வீட்டில் வாழும் ஒரு மூதாட்டி. அவரிடம் முதலில் “அந்த எம்எல்ஏ எப்படிப்பட்டவர்?” என்று கேட்டேன். “நல்ல மனுஷன்தான் தம்பி” என்று சொல்லிவிட்டு அமைதியானார். பிறகு “தண்ணி எங்கேம்மா பிடிப்பீங்க?” என்று கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். இடுப்பளவில் கையை வைத்து மண்ணெண்ணெய் டின்களின் வரிசையைக் காட்டினார். டின்னுக்குக் குறுக்கே அடித்த கட்டை உள்ளங்கையை அறுத்த இடத்தை விரித்துக் காட்டினார். எந்த வருஷம் குழாய் வந்தது என்று கேட்டதற்கு, “வருஷமெல்லாம் தெரியாது, என் மூத்தவன் நடக்கப் பழகினப்போ” என்றார். மூத்தவரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து ஆண்டைக் கணக்கிட்டோம். முதியவர்களிடம் ஆண்டைக் கேட்காமல், பிள்ளைகளின் வயதையும் கோயில் குடமுழுக்கையும் வீடு மாறிய நாளையும் கேளுங்கள். செம்பவாங் வட்டாரத்துக்காரர்களைச் சந்திக்க, இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். ஒலிப்பதிவுக்கு முன்பே அனுமதி கேளுங்கள். பதிவைப் பிள்ளைகளுக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள். ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சேர்த்து வரும் நேர்காணல்களில் தமிழில் பேசியவையும் உண்டு. நீங்கள் பேட்டி எடுக்கப் போகுமுன் அவற்றில் சிலவற்றைக் கேட்டுவிட்டுச் சென்றால், கேள்வி கேட்கும் முறை தானாகவே திருந்தும்.

அதே குழாயைப் பற்றி இன்னொரு முதியவர், எம்எல்ஏவிடம் போவதற்கு முன் கையெழுத்து வாங்கித் திரிந்தவர் கம்பத்துச் சீன மளிகைக்கடைக்காரர்தான் என்றார். இருவர் சொன்னதையும் எழுதினேன். ஓர் உறுப்பினரின் சேவையைச் சொல்லும்போது “அவர் குழாய் போட்டார், சாலை அமைத்தார்” என்று எழுதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. கேட்டவர், எடுத்துச் சொன்னவர், பணம் ஒதுக்கியவர், மண் வெட்டியவர் ஆகிய நால்வரையும் பிரித்து எழுதுங்கள். அதனால் உறுப்பினரின் பெருமை குறையாது; அவர் உண்மையில் செய்தது என்ன என்பது அப்போதுதான் படிப்பவருக்குப் புலப்படும். கிடைக்காமல் போன கோரிக்கைகளையும் விட்டுவிடாதீர்கள்.

புகைப்படங்களுக்கு ஆவணக் காப்பகத்தின் இணையத்தளம் உதவும். 1962 இறுதியிலிருந்து 1963 வரை பிரதமர் லீ குவான் யூ எல்லாத் தொகுதிகளுக்கும் சென்றபோது எடுத்த படங்கள் அங்கே உள்ளன. நடுவில் நிற்கும் தலைவர்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள்: அத்தாப்பு (ஓலைக்கூரை) வீட்டின் முன்னிருக்கும் வடிகால், மண்சாலை, வரவேற்பு வளைவில் எந்தெந்த மொழிகள், கூட்டத்தில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள். படத்தை வெளியிடும் முன் உரிமை அனுமதியைப் பெற்றுவிட வேண்டும்.

எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்குமுன், பேட்டி தந்தவர்களிடம் அவரவர் பகுதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். மேற்சொன்ன மூதாட்டிக்கு நான் படித்தபோது, டின்களின் எண்ணிக்கையைத் திருத்தினார். மளிகைக்கடைக்காரர் தமிழ் பேசுவார் என்பதையும் அப்போதுதான் சொன்னார். நூலாக வெளியிட்டால் இரண்டு பிரதிகளைச் சட்டப்படி தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது பிரதி அந்த ஈசூன் வீட்டுக்குப் போகட்டும்.