அமெரிக்காவில் கைரோபிராக்டிக் படிப்பது எப்படி: மார்க் ஷீட் முதல் லைசென்ஸ் வரை

சென்னையில் பி.எஸ்சி. முடித்து, அமெரிக்காவில் டி.சி. (டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்) படித்தவன் நான். கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் சிகிச்சை முறை. இந்த வழியில் வர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். விசா, கடன் விவரங்களுக்குள் போகவில்லை.

1. கல்லூரி

சி.சி.இ. (கைரோபிராக்டிக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் உள்ளதா என்று முதலில் பாருங்கள். லைசென்ஸுக்கு அதுதான் அடிப்படை. இத்துறையின் முதல் கல்லூரி, அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் 1897-இல் தொடங்கியது.

2. மார்க் ஷீட்

என் விண்ணப்பம் நின்றுபோன இடம் இது. பொதுவான தகுதி: பட்டப்படிப்பில் 90 செமஸ்டர் கிரெடிட், ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) 4-க்கு 3.0. அதில் 24 கிரெடிட் அறிவியல் பாடங்களில் இருக்க வேண்டும். அந்த அறிவியல் பாடங்களிலும் பாதிக்கு லேப் வேண்டும்.

நம்மூர் மார்க் ஷீட்டில் பிராக்டிகல் தனித் தாளாக வரும். எந்தத் தியரிக்கு எந்த லேப் என்பது அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்குப் புரியாது. அதனால்:

- வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட்டுத் தரும் நிறுவனங்களிடம், பட்டத்தை மட்டும் மதிப்பிடும் மலிவான அறிக்கை வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் போட்டுத் தரும் அறிக்கையையே வாங்குங்கள்.
- பிராக்டிகல் மணிநேரம் தெரியும் சிலபஸை, பல்கலைக்கழக முத்திரையோடு இந்தியாவில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கடல் தாண்டிய பிறகு இதற்கு அலைவது பெரும்பாடு.

ஜி.பி.ஏ. குறைந்தாலும் மனம் தளர வேண்டாம். மாற்று வழிச் சேர்க்கை உண்டா என்று கல்லூரியிடம் கேளுங்கள்.

3. படிப்பு

குறைந்தது 4,200 மணிநேரம். மனப்பாடத்துக்கு அன்கி (ஃபிளாஷ்கார்டு செயலி) போதும். முதுகெலும்புக்கு எந்தச் செயலியும் வேண்டாம், பிளாஸ்டிக் மாடல் ஒன்று வாங்குங்கள். கண்ணை மூடித் தொட்டு எந்த எலும்பு என்று சொல்லிப் பழகுங்கள். டெக்னிக்கில், பரவலாகப் பயன்படும் டைவர்சிஃபைட் என்ற கைமுறையை நன்றாகக் கற்ற பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். கைவைக்கக் கூடாத இடம் தெரிவது எல்லாவற்றையும்விட முக்கியம். முதுகுவலியோடு வருபவருக்கு இடுப்புக்கடியில் மரத்துப்போய், சிறுநீரும் வரவில்லை என்றால் உடனே எமர்ஜென்சிக்கு அனுப்புங்கள்.

4. தேர்வுகள்

என்.பி.சி.இ. (தேசியத் தேர்வு வாரியம்) நடத்தும் நான்கு பார்ட்கள். பார்ட் 1-இல் ஆறு பாடங்கள்; அடிப்படை அறிவியல் முடிந்த சூட்டோடு எழுதிவிடுங்கள். பார்ட் 4 செய்முறைத் தேர்வு: எக்ஸ்ரே படிப்பது, டெக்னிக், நோயாளியைக் கையாள்வது. பிறகு லைசென்ஸ் தரும் மாநில போர்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

5. வேலை

கிளினிக் வைக்க அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு மூத்த டாக்டரிடம் அசோசியேட்டாக இருந்து பில்லிங் கற்றுக்கொள்ளுங்கள். நாம் செய்பவற்றில் மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் தருவது முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சைக்கு மட்டும். பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் தராது. 98940, 98941, 98942 மூன்றும் அந்தச் சிகிச்சைக்கான பில்லிங் கோடுகள் (code). முதுகெலும்பின் எத்தனை பகுதிகளில் செய்தீர்கள் என்பதைப் பொறுத்துக் கோடு மாறும். நோட்ஸில் அது தெளிவாக இல்லாவிட்டால் பணம் வராது.

பின்சேர்க்கை: பி.பி.டி. (பிசியோதெரபி) முடித்தவர்கள் பலர் விலக்கு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். சில பாடங்களுக்குக் கல்லூரி விலக்கு தரலாம், என்.பி.சி.இ. தேர்வுகளுக்கு விலக்கு கிடையாது. கனடா போக நினைப்பவர்களுக்கு அங்கே தேர்வு வாரியமே வேறு. எந்த நாடு என்று முடிவு செய்துவிட்டுக் கல்லூரியைத் தேடுங்கள்.