எதிராளி கையில் என்ன இருக்கிறது? கிளாஷ் ரோயல் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் இரவு பத்து மணிக்கு மேல் நாலு பேர் உட்கார்ந்து கிளாஷ் ரோயல் ஆடினால், தோற்றவர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் "அவன் லெவல் பெருசு லா" என்பதுதான். லெவல் வித்தியாசம் வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் லெவல் சமமாக இருக்கும்போதும் அதே ஆள் அதே மாதிரி தோற்கிறார் என்றால் கோளாறு வேறு இடத்தில். அவர் திரையின் கீழ்ப்பாதியை மட்டும் பார்த்து ஆடுகிறார். தன் நாலு கார்டு, கார்டு போடச் செலவாகும் தன் எலிக்ஸர், அவ்வளவுதான். எதிரே இருப்பவர் எதைப் போட்டார், எதை இன்னும் போடவில்லை, எதைக் கண்டு பதறினார் என்பதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை.

இந்தச் செய்முறை அந்த மேல்பாதியைப் பற்றியது. கிளாஷ் ரோயலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஃபின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2016 மார்ச்சில் உலகம் முழுக்க வெளியிட்ட இந்தக் கைப்பேசி ஆட்டத்தில் கார்டு போட்டுப் படைகளை இறக்கி எதிராளியின் டவர்களை இடிக்க வேண்டும். ஒரு டெக்கிற்கு, அதாவது ஒருவர் ஆட எடுத்துவரும் கார்டுத் தொகுப்புக்கு, எட்டே கார்டு. மேட்ச் மூன்று நிமிடம், சமனானால் கூடுதல் நேரம். எட்டு கார்டு யாருக்கும் மனதில் நிற்கும். முப்பது கார்டு ஆட்டத்தில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கினால் பாதியிலேயே சலித்துப்போகும்.

ஒரே நிபந்தனை: பழகும் நாட்களில் உங்கள் டெக்கை மாற்றாதீர்கள். சொந்தக் கார்டு எது எங்கே என்று விரல் தேடிக்கொண்டிருந்தால் கண் மேலே போகாது.

படி 1: எட்டையும் எண்ணுங்கள்

தீபாவளிக்கு மாமா வீட்டில் ரம்மி ஆடும்போது யார் எதைக் கீழே போட்டார்கள் என்று மனதில் வைத்துக்கொள்வோமே, அதே வேலைதான். இங்கே இன்னும் சுலபம், ஏனென்றால் போட்ட கார்டு திரும்பி வரும் நேரம் விதியிலேயே இருக்கிறது.

கையில் நாலு கார்டு, வரிசையில் நாலு கார்டு. ஒன்றைப் போட்டதும் அது வரிசையின் கடைசிக்குப் போகும். அதற்குப் பிறகு வேறு நாலு கார்டு போட்டால்தான் அது மறுபடி கைக்கு வரும். எதிராளி இப்போது கேனன் (தடுப்புப் பீரங்கி) போட்டார் என்றால், அவர் இன்னும் நாலு கார்டு போடும்வரை அவரிடம் கேனன் கிடையாது. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை.

முதல் சில மேட்சுகளில் எட்டையும் நினைவில் வைக்க முயலாதீர்கள், தலை சுற்றும். ஒரே ஒரு கார்டை மட்டும் தொடருங்கள். எந்தக் கார்டு? உங்கள் முக்கியத் தாக்குதலை முறியடிக்கும் கார்டு. அதைப் போட்டதும் மனதுக்குள் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று அவர் போடும் அடுத்த கார்டுகளை எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணினாலும் தப்பில்லை. எல்ஆர்டியில் பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இரண்டு விதிவிலக்குகள். மிரர் கார்டு, கடைசியாகப் போட்டதையே ஒரு எலிக்ஸர் கூடுதலாக வாங்கிக்கொண்டு மறுபடி இறக்கும். அங்கே எண்ணிக்கை ஏமாற்றும். சாம்பியன் என்ற சிறப்பு வகைக் கார்டு களத்தில் உயிரோடு இருக்கும்வரை சுழற்சிக்குள் திரும்பாது. அதனால் மற்ற கார்டுகள் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடும்.

படி 2: எலிக்ஸர் வித்தியாசம்

எதிராளியிடம் சரியாக எத்தனை எலிக்ஸர் இருக்கிறது என்று கணக்குப் போடுவதெல்லாம் ஆரம்பத்தில் வேண்டாம். இருவருக்கும் ஒரே வேகத்தில்தான் ஊறுகிறது: சாதாரண நேரத்தில் 2.8 விநாடிக்கு ஒன்று. ஆகவே வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அவர் மஸ்கட்டியர் (துப்பாக்கி வீராங்கனை) இறக்கினார், விலை 4. நீங்கள் நைட் வைத்து அதை முடித்தீர்கள், 3. நீங்கள் ஒன்று முன்னே.

இந்தக் கணக்கு பளிச்சென்று பலன் தரும் இடம் ஒன்று உண்டு. எதிராளி கோலெம் என்ற கல் ராட்சதனைத் தன் ராஜா டவருக்குப் பின்னால் வைக்கிறார். கோலெம் 8. உச்ச அளவே 10 என்பதால், வைத்த கணத்தில் அவரிடம் அதிகபட்சம் 2தான் மிச்சம். கோலெம் ஆமை வேகத்தில் நடந்து வரும். அந்த நேரத்தில், களத்தின் இரண்டு பாலங்களில் கோலெம் வராத பாலத்தில் நீங்கள் ஒரு தாக்குதலை இறக்கினால் அவர் தடுக்கத் திணறுவார். புதியவர்கள் கோலெமைக் கண்டதும் அதற்கு முன்னால் கோட்டை கட்ட ஓடுகிறார்கள். கோலெம் வைத்தவருக்கு வேண்டியது அதுதான்.

படி 3: உங்கள் தாக்குதலுக்கு அவர் பதில் எது?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு மேட்சை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

உங்கள் டெக் பலரும் ஆடும் ஹாக் 2.6: ஹாக் ரைடர், மஸ்கட்டியர், ஐஸ் கோலெம், ஐஸ் ஸ்பிரிட், ஸ்கெலிட்டன்ஸ், கேனன், ஃபயர்பால், லாக். 2.6 என்பது எட்டு கார்டின் சராசரி விலை.

வலது பாலத்தில் ஹாக் ரைடரை (பன்றி மேல் வரும் வீரன், கட்டடங்களை மட்டுமே தாக்குவான்) விடுகிறீர்கள். எதிராளி நட்ட நடுவில் இன்ஃபெர்னோ டவர் என்ற தீக்கக்கும் தடுப்புக் கட்டடத்தை வைக்கிறார். ஹாக், அவருடைய சொந்த டவரைத் தொடாமலே அங்கே இழுபட்டு எரிந்துபோகிறது. புதியவர் இந்த இடத்தில் "சே, வீண்" என்று எரிச்சல்படுவார். உண்மையில் பெரிய தகவல் கிடைத்திருக்கிறது. நீங்கள் 4 செலவழித்து அவருடைய 5 எலிக்ஸர் கார்டை வெளியே எடுத்தீர்கள், அதுவே அவருடைய பதில் என்றும் தெரிந்துவிட்டது.

இனி பந்தயம்: அவருடைய இன்ஃபெர்னோ முதலில் திரும்புமா, உங்கள் ஹாக் முதலில் திரும்புமா? உங்களிடம் மலிவான நாலு கார்டு உண்டு. ஸ்கெலிட்டன்ஸ் 1, ஐஸ் ஸ்பிரிட் 1, ஐஸ் கோலெம் 2, லாக் 2. மொத்தம் 6. அந்த 6 ஊற ஏறக்குறைய 17 விநாடி. எதிராளியின் டெக் சராசரி 3.5 என்று வைத்துக்கொண்டால் அவர் நாலு கார்டு சுழற்ற 14 வேண்டும். அது ஏறக்குறைய 39 விநாடி. ஹாக்கின் விலை 4 ஊறுவதற்கு இன்னொரு 11 விநாடியைச் சேர்த்தாலும் நீங்கள்தான் முன்னால். மலிவு கார்டுகளை வெட்டியாக வீசாமல் தடுப்புக்கே பயன்படுத்திச் சுழற்றினால், இரண்டாவது ஹாக் போகும்போது அவர் கையில் இன்ஃபெர்னோ இருக்காது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருநாள் பக்கத்து மேசைத் தம்பி இதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, அவன்கிட்ட இன்ஃபெர்னோ இல்லேன்னு எப்படித் தெரியும்?"

"அவன்தானேடா காட்டினான். அதுக்கப்புறம் ரெண்டு கார்டுதான் போட்டிருக்கான்."

தம்பி தே தாரிக்கை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அப்போ மூணாவது போடுறதுக்குள்ள அடிச்சிடணும்" என்றான். மூன்றாவதையும் போடட்டும், நாலாவதற்குள் அடித்தால் போதும் என்று திருத்த வேண்டியிருந்தது. மற்றபடி பையன் பிடித்துக்கொண்டான்.

இதே சங்கதியை மறுபக்கம் இருந்தும் பாருங்கள். உங்களிடம் சிறு படைகளை நசுக்க லாக் (உருளும் மரக்கட்டை) ஒன்றுதான் இருக்கிறது. எதிராளி கோப்ளின் கேங் என்ற சிறு கும்பலை விடுகிறார். நீங்கள் லாக் போடுகிறீர்கள். அடுத்த கணம் டவர் மேல் கோப்ளின் பேரல் (கோப்ளின்களை அடைத்த பீப்பாய்) விழுகிறது. லாக்கைக் கறக்கவே கேங் வந்தது. இப்படி ஆடுபவரை இரண்டாவது முறை சந்திக்கும்போது லாக்கை பேரலுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். கேங்கை வேறு எதையாவது வைத்துச் சமாளிக்கலாம்.

படி 4: கார்டுக்குப் பின்னால் இருக்கும் ஆள்

கார்டு சுழற்சி விதி. பழக்கம் என்பது அந்தக் குறிப்பிட்ட மனிதருடையது. நான் கவனிப்பவை இவை:

முதல் கார்டை எங்கே வைக்கிறார்? பின்னால் வைத்துப் பொறுமையாகத் தொடங்குபவர் ஒரு ரகம், பாலத்திலேயே இறக்கி மிரட்டுபவர் ஒரு ரகம். மிரட்டுபவர் பெரும்பாலும் கையில் எலிக்ஸர் சேர விடமாட்டார். அவருடைய முதல் அலையைக் குறைந்த செலவில் தடுத்துவிட்டு உடனே திருப்பி அடிக்க வேண்டும்.

ஃபயர்பால் எதற்குப் போகிறது? மஸ்கட்டியர் டவரை ஒட்டி நிற்கும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்து அடிக்கிறார் என்றால், மஸ்கட்டியரை டவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். ஒரே அடியில் இரண்டு கிடைக்காது என்று தெரிந்ததும் சிலர் ஃபயர்பாலை மேட்ச் முடியும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பார்கள். அது அவருக்கு ஒரு கார்டு குறைந்த மாதிரி.

கோப்ளின் பேரல் எங்கே விழுகிறது? பெரும்பாலானவர்களுக்கு விரல் ஒரே இடத்துக்கே போகும். அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் லாக்கை முன்கூட்டியே உருட்டலாம்.

ஒரு டவர் விழுந்ததும் என்ன செய்கிறார்? பதறி அதே பக்கம் கொட்டுகிறாரா, மறுபக்கம் பாய்கிறாரா?

சிரிக்கிற, அழுகிற எமோட்டை வைத்து ஆளின் மனநிலையைக் கணிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மியூட் பட்டனை அழுத்துங்கள்.

படி 5: சோதித்துவிட்டு நம்புங்கள்

ஒரு செயலை இரண்டு முறை பார்த்தால் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று நிமிட மேட்சில் மூன்றாவது முறைக்குக் காத்திருந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் அதை நம்பி எல்லாவற்றையும் கொட்டுவதற்கு முன் மலிவான தூண்டில் ஒன்று போடுங்கள். சிறு படையைக் கண்டால் ஸாப் (சிறு மின்னல்) போடுவார் என்று தோன்றுகிறதா? பெரிய தாக்குதலுக்கு முன் பாலத்தில் 1 எலிக்ஸர் ஸ்கெலிட்டன்ஸ் விடுங்கள். ஸாப் வந்தால் ஊகம் சரி, கூடவே அந்த ஸாப்பும் செலவாகிவிட்டது. வராவிட்டால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுதான்.

கடைசி ஒரு நிமிடத்தில் எலிக்ஸர் இரண்டு மடங்கு வேகத்தில் ஊறும். அப்போது கார்டுகள் பறக்கும், முழு எண்ணிக்கை கைநழுவும். அந்த நேரத்தில் ஒரே ஒரு பதில் கார்டை மட்டும் தொடர்ந்தால் போதும்.

படி 6: மேட்ச் முடிந்ததும்

போர்ப் பதிவில் எதிராளியின் எட்டு கார்டும் இருக்கும், மறுஒளிபரப்பும் பார்க்கலாம். தோற்ற மேட்சை மட்டும் திறந்து, முதல் நிமிடத்தை அவர் பக்கம் கண் வைத்துப் பாருங்கள். பிறகு கைப்பேசிக் குறிப்பில் ஒரே வரி: "ஹாக் வலது பக்கம் மட்டும். கேனன் நடுவில். ஃபயர்பால் மஸ்கட்டியருக்கு." அதற்கு மேல் எழுதினால் மறுபடி படிக்கமாட்டீர்கள்.

தரவரிசை ஆட்டத்தில் அடுத்த எதிராளி வேறு ஆளாகத்தான் இருப்பார், அங்கே ஆளைவிட டெக் வகையைப் படிப்பது உதவும். கோப்ளின் பேரலும் பிரின்சஸும் வந்தாலே லாக்கைக் கறக்கும் டெக் என்று மீதிக் கார்டுகளை ஊகிக்கலாம். ஒரே கூட்டத்தோடு திரும்பத் திரும்ப ஆடும்போதுதான் இந்த ஒருவரிக் குறிப்பு தங்கம்.

இதெல்லாம் மாமாக் கடை விளையாட்டுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் கிளாஷ் ரோயல் காட்சி விளையாட்டாக (அதிகாரபூர்வப் பதக்கக் கணக்கில் சேராதது) இடம்பெற்று, இந்தோனேசியாவின் ரிடல் யெசாயா சுமரண்டாக் தங்கம் வென்றார். 2019 பிலிப்பைன்ஸ் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் ஹார்த்ஸ்டோன் என்ற இன்னொரு கார்டு ஆட்டம் பதக்கப் பட்டியலிலேயே இருந்தது.

ஹார்த்ஸ்டோன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல்: அங்கே டெக் முப்பது கார்டு, எண்ணுவது கடினம், ஆனால் யோசிக்க நேரம் உண்டு. எதிராளி தொடக்கத்தில் எத்தனை கார்டை மாற்றாமல் வைத்துக்கொண்டார் என்று பாருங்கள். ஆரம்பத்திலிருந்தே கையில் இருக்கும் கார்டு பல முறை வாய்ப்பு வந்தும் இறங்கவில்லை என்றால், அது ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது.

நண்பர்கள் உங்களையும் படிப்பார்கள். அதனால் வாரம் ஒருமுறை, உங்களிடம் அடிக்கடி தோற்கிறவரை அல்ல, உங்களை அடிக்கடி தோற்கடிக்கிறவரைக் கேளுங்கள்: "நான் அடுத்து என்ன போடுவேன்னு உனக்கு எப்பத் தெரியுது?" அவர் சொல்லும் ஒன்றை மட்டும் அந்த வாரம் மாற்றுங்கள். இரண்டுக்கு இரண்டு ஆட்டத்தில் மட்டும் இந்த எண்ணிக்கையைப் பழக வேண்டாம். எதிரே பதினாறு கார்டு, யார் எதைப் போட்டார் என்பதே குழம்பும்.