ஒரே பாத்திரத்தில் பாஸ்தா: எங்கே சொதப்புகிறது?

ஒரே பாத்திரத்தில் செய்யும் பாஸ்தா குழைந்துபோனாலும் சரி, அடிப்பிடித்தாலும் சரி, முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். வழக்கமான முறையில் 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வைத்து, வெந்ததும் வடித்துவிடுவார்கள். இங்கே வடிப்பதே கிடையாது. பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவுச்சத்து தக்காளிச் சாறோடும் எண்ணெயோடும் கலந்து, அந்தத் தண்ணீரே சாஸாகக் கெட்டிப்படுகிறது. அதனால் கண்ணளவில் ஊற்றக் கூடாது. 2013இல் அமெரிக்காவின் 'மார்த்தா ஸ்டூவர்ட் லிவிங்' இதழில் வந்து பிரபலமான செய்முறையில் 340 கிராம் லிங்குவினிக்கு (தட்டையான நீளப் பாஸ்தா) நாலரை கப், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர். அதே விகிதத்தில் 250 கிராமுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம் வரும். முக்கால் லிட்டரில் தொடங்கி, ஒரு டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் சேர்க்கலாம், அதிகமானால் வற்ற வைப்பதற்குள் பாஸ்தா குழைந்துவிடும்.

உப்பும் இதே கதைதான். வடிக்கிற பாஸ்தாவில் லிட்டருக்கு 10 கிராம் போட்டாலும் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். இதில் போட்ட உப்பு முழுக்கத் தட்டுக்கு வரும், சீஸிலும் உப்பு உண்டு. முக்கால் டீஸ்பூனில் தொடங்குங்கள், கடைசியில் ருசி பாருங்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையில் செய்ததா என்று உறுதிசெய்வது நல்லது. மைதா பாஸ்தா இந்த முறையைத் தாங்காது, வெளிப்பக்கம் கூழாகிவிடும்.

அடுத்து காய்கறி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. பாஸ்தா வேக 9 முதல் 11 நிமிடம் ஆகும், அதற்குள் பீன்ஸ் நறுக்கென்றே நிற்கும், கீரை நிறம் செத்துப்போகும். இன்னொன்றும் உண்டு: தக்காளியின் புளிப்பு மற்ற காய்கள் மெத்தென்று ஆவதைத் தாமதப்படுத்தும். அதனால் கேரட்டையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கி, பூண்டோடு எண்ணெயில் நாலு நிமிடம் வதக்கிவிட்டு, அப்புறம் தக்காளி, பாஸ்தா, தண்ணீர் சேருங்கள். தை மாசியில் வரும் பச்சைப் பட்டாணி என்றால் கடைசி நாலு நிமிடம் போதும். பாலக் போன்ற மெல்லிய கீரைகளை அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டால் அந்தச் சூட்டிலேயே வதங்கிவிடும். வெயில் காலத்துச் சுரைக்காய், பீர்க்கங்காய் தாமே நீர் விடும், அரை டம்ளர் தண்ணீரைக் குறையுங்கள். சீசன் காய் மாறும்போது தண்ணீர் அளவும் மாற வேண்டும் என்பதைப் பல செய்முறைகள் சொல்வதே இல்லை.

பாத்திரம் அகலமாகவும் அடி கனமாகவும் இருக்கட்டும். மூடி போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டும், நுரை பொங்கி வழியும். முதல் இரண்டு நிமிடம் கட்டாயம் கிளறுங்கள், பிறகும் நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு புரட்டிவிடுங்கள்.

கொதிக்கும்போது சீஸ் போடாதீர்கள், திரிந்து கட்டிக்கட்டியாக நிற்கும். கொஞ்சம் சாறு மிச்சம் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, துருவிய சீஸைத் தூவிக் கலக்குங்கள். ஆற ஆற பாஸ்தா மீதிச் சாறையும் உறிஞ்சும். எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம் தெரிந்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் போதும்.