உங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் போதவில்லையா? இப்படிக் கேளுங்கள்

முதலில் எண்ணிக்கையைக் கையில் எடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5, அதிலும் 150-ஐத் தாண்டினால் தனியாக ஒரு தலைமை ஆசிரியரும் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் எத்தனை பேர் என்று தலைமை ஆசிரியரிடமே கேளுங்கள், அவருக்கும் இந்தக் கவலை இருக்கும், அவரை எதிராளியாக நினைக்காதீர்கள்.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. இதில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும், அதனால் காலிப்பணியிடத்தைக் குறிப்பிட்டுத் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 26-வது பிரிவு சொல்கிறது, மனுவில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். பதில் வரவில்லையா? சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

தற்காலிக ஆசிரியர் தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆனால் நிரந்தரப் பணியிடக் கோரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.